ஒத்திகைக்கு ஓர் அறை வேண்டும்

முலுண்ட் மேற்கில் மாநகராட்சிக்குச் சொந்தமான நாடக அரங்கம் ஒன்று இருக்கிறது. மகாகவி காளிதாஸ் நாட்டியமந்திர் என்று அதற்குப் பெயர். மராத்தியில் ‘நாட்டியம்’ என்றால் நாடகம் என்று பொருள். அங்கே மராத்தி நாடகம் பார்க்க ஒரு கூட்டம் வருகிறது. குஜராத்தி நாடகம் பார்க்க ஒரு கூட்டம் வருகிறது. தாத்தா பேரனைக் கைபிடித்து அழைத்து வருகிறார். பிள்ளைக்குத் தன் மொழியின் சிரிப்பும் அழுகையும் அந்த இருட்டு அரங்கிலே பழக்கமாகிறது.

அந்தத் தெரு வழியாக வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் எத்தனையோ பேர். நம்மில் எத்தனை பேர் அந்த வாசற்படியை மிதித்திருக்கிறோம்? பார்க்கப் போகாதது ஒரு குறை என்றால், நம் மொழியில் நம் கதையை நடித்துக் காட்டப் போகாதது அதைவிடப் பெரிய குறை. அது மாநகராட்சியின் அரங்கம். மாநகராட்சியோ இந்நகரில் உழைத்து வாழும் எல்லோருடைய பணத்தாலும் நடப்பது. அதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை நாமே மறந்துவிட்டோம்.

ஆனால் இவ்விதழில் நாம் கேட்க விரும்புவது அந்தப் பெரிய மேடையை அன்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் இளைஞர்களுக்கு மாலை வேளையில் இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்க்க ஓர் அறை வேண்டும்.

நம் வீட்டைப் பார்ப்போம்

மாநகராட்சியைக் குறை சொல்லுமுன் நம் சங்கங்களின் ஆண்டு விழாக்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மாலை 5 மணிக்கு விழா என்று அழைப்பிதழ் சொல்லும். 6 மணிக்குத் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் உரை, சிறப்புரை. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பொன்னாடை போர்த்துவதைப் படம் எடுக்க ஐந்து நிமிடம். இரவு 9 மணிக்குக் கலை நிகழ்ச்சி என்று அறிவிப்பார்கள். முகத்தில் மை கலைந்து, தூக்கக் கண்ணோடு காத்திருந்த பிள்ளைகள் மேடையேறிச் சினிமாப் பாட்டு ஒன்றுக்கு ஆடிவிட்டு இறங்குவார்கள். அரங்கத்தாருக்கு மண்டபத்தைப் பூட்டும் நேரம் வந்துவிடும்.

இதைப் பழிப்பதற்காக எழுதவில்லை. அந்தப் பிள்ளைகள் ஆடியதில் தவறு ஒன்றும் இல்லை. நாம் அவர்களுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். ஒரு பாட்டுக்கு ஆடுவதற்கு ஒரு வாரம் போதும். வீட்டுக் கூடத்திலேயே பழகலாம். ஒரு நாடகம் போட மூன்று மாதம் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து நிற்க இடம் வேண்டும். நான்கு தட்டி வைத்து அடைத்த ஓர் அறைக்குள் ஆறு பேர் படுத்து எழும் வீட்டில் பத்துப் பேர் நின்று உரக்கப் பேசிப் பழக முடியுமா? நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டுவார். இடமில்லாததால்தான் நம் பிள்ளைகள் நாடகம் போடவில்லை. திறமை இல்லாததால் இல்லை.

மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் சபாக்கள் செய்த தொண்டை நாம் மறுக்கவில்லை. 1963-ல் எழுந்து, 1990-ல் தீவிபத்தில் சிதைந்து, 1998-ல் மீண்டும் திறக்கப்பட்ட ஷண்முகானந்தா அரங்கம் தமிழரின் முயற்சிக்கு ஒரு சான்று. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. ஆயினும் இவ்வரங்குகளின் முதல் அன்பு சங்கீதத்திடமும் பரதத்திடமும் இருந்தது. நாடகம் என்றால் சென்னையிலிருந்து குழு வரும். நாம் சீட்டு வாங்கி உட்கார்ந்து கைதட்டுவோம். தாராவித் தோல் பட்டறையிலும், பாண்டுப், முலுண்ட் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தவரின் பிள்ளை அந்த மேடையில் ஏறி ஒரு வசனம் பேசிய நாள் எத்தனை?

நாடகம் நமக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது

எழுதப் படிக்கத் தெரியாத தமிழனுக்கு உலகத்தைக் கற்றுக்கொடுத்தது நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதிலே சேர்ந்தவர்கள் சிறுவர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். கண்டியில் பிறந்து, தந்தையை இழந்து, வறுமையால் தாய்நாடு வந்த ஒரு பையன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தான். அவனைப் பின்னாளில் எம்.ஜி.ஆர். என்று நாடு அறிந்தது. பல பிள்ளைகளுக்கு அங்கே சோறுதான் முதல் சம்பளம். வாத்தியார் சொல்லச் சொல்ல, காதால் கேட்டே பக்கம் பக்கமாக வசனத்தையும் பாட்டையும் மனப்பாடம் செய்தார்கள். அந்தக் கம்பெனிகளில் அடி உதை இருந்தது. பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு போயிற்று. அந்தக் கொடுமை நமக்கு வேண்டாம். ஆனால் காதால் கேட்டு, வாயால் சொல்லி, உடம்பால் நடித்து மொழியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் அந்தப் பயிற்சி நமக்கு வேண்டும்.

பின்னால் திராவிட இயக்கம் மேடையைக் கையில் எடுத்தது. 1940-களின் நடுவில் அறிஞர் அண்ணா ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ என்ற நாடகத்தை எழுதி, தாமே காகபட்டராக நடித்தார். அதில் சிவாஜியாக நடித்த வி.சி.கணேசன் என்ற இளைஞரைப் பார்த்துத்தான் பெரியார் ‘சிவாஜி’ கணேசன் என்று பெயரிட்டார். இந்நகரின் பெரிய ரயில் நிலையத்துக்கு யாருடைய பெயரோ, அந்த மராட்டிய வீரனின் முடிசூட்டு விழாவையே கருவாக வைத்து, பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டா என்று தமிழ் மேடை கேள்வி கேட்டது. மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இந்த உறவு ஒருவழிப் பாதையும் அன்று. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களில் ஒருவரான சாகஜி மராத்தியிலும் தெலுங்கிலும் நாடகங்கள் எழுதினார். தஞ்சை சரஸ்வதி மகாலில் மராத்தி நாடக ஏடுகள் இருக்கின்றன. விஷ்ணுதாஸ் பாவே சாங்கிலியில் நாடகம் போட்ட 1843-ஆம் ஆண்டை மராத்தி நாடகத்தின் தொடக்கமாகக் கொண்டு நவம்பர் 5-ஐ மராத்தி நாடக நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே காவிரிக் கரையில் மராத்தி நாடகம் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நாடக மேடையைப் பொறுத்தவரை இங்கே நாம் அந்நியர் அல்லர். கொடுத்தும் வாங்கியும் பழகியவர்கள்.

கொங்கணத் தொழிலாளி கற்றுத்தரும் பாடம்

நமக்கு முன்பே இந்நகருக்குக் குடிபெயர்ந்து வந்தவர்கள் கொங்கணத்து ஆலைத் தொழிலாளர்கள். அவர்களும் நம்மைப் போல ஓர் அறையில் பத்துப் பேராக சால்களில் முடங்கியவர்கள்தாம். பரேலில் 1922-ல் சோஷியல் சர்வீஸ் லீக் அமைத்த தாமோதர் ஹால் அவர்களுடைய நாடக வீடாயிற்று. பகலில் தறி ஓட்டியவர்கள் இரவில் வேடம் கட்டினார்கள். தொழிலாளர் நாடகம் என்று ஒரு தனி மரபே அங்கே வளர்ந்தது. அந்த அரங்கத்தை மீண்டும் கட்டுவதாகச் சொல்லி 2023-ல் மூடியபோது மராத்திக் கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. அரங்கம் இருந்த அளவிலேயே திரும்பி வரவேண்டும் என்று போராடினார்கள்.

அண்ணாபாவ் சாட்டேயை எடுத்துக்கொள்வோம். 1920-ல் சாங்கிலி மாவட்டத்து வாட்டேகாவ் என்ற ஊரில், ஒடுக்கப்பட்ட மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு இல்லாதவர். குடும்பத்தோடு கால்நடையாகப் பம்பாய் வந்து, ஆலையில் கூலி வேலை செய்தவர். 1944-ல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரோடு சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். சால்களின் முற்றமும் ஆலை வாசலும் அவர்களுடைய மேடை. நம் முலுண்ட் போகும் அதே ரயில் பாதையில், காட்கோபர் சிராக் நகர்க் குடிசையில்தான் அவர் வாழ்ந்தார். 1969-ல் மறைந்த அவர் பெயரால் இன்று பைகுல்லாவில் மாநகராட்சி நாடக அரங்கம் இருக்கிறது. குடிசையிலிருந்து புறப்பட்ட நாடகம் கடைசியில் அரங்கத்துக்கே பெயராயிற்று. முதலில் முற்றம், பிறகுதான் அரங்கம். வரிசை இதுதான்.

நம் தொழிலாளத் தோழர்கள் பலரும் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஜூனிலும் டிசம்பரிலும் சம்பளச் சீட்டில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அந்த நிதிக்கு முதலாளியும் பணம் கட்டுகிறார். அதை நிர்வகிக்கும் மகாராஷ்டிரத் தொழிலாளர் நல வாரியம் தொழிலாளர் நல மையங்களையும் லலித கலா பவன்களையும் நடத்துகிறது; தொழிலாளர்களுக்கு நாடகப் போட்டியும் நடத்துகிறது. அந்த மையங்கள் தொழிலாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியவை. பணம் நம் சம்பளத்திலிருந்தும் போகிறது. அந்த மையத்தின் கதவைத் தட்டிய தமிழர் எத்தனை பேர்?

ஏன் இப்போது?

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட முடியாதவர்களுக்கும், மாடி அறைகளில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலம் 255.9 ஏக்கரை ஒதுக்க 2024-ல் அரசு முடிவெடுத்தது. அதே ஆண்டில் முலுண்ட்வாசிகள் பலர் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். தண்ணீரும் சாலையும் ரயிலும் இருப்பவர்களுக்கே போதவில்லை என்பது அவர்கள் சொன்ன நியாயம். அதில் உண்மையும் உண்டு. உப்பளத்தில் வீடு கட்டினால் மழை வெள்ளம் எங்கே போகும் என்று கேட்டவர்களும் உண்டு. அதுவும் நியாயமான கேள்வியே. ஆனால் அந்தக் குரல்களுக்கிடையே தாராவிக்காரன் என்றால் அழுக்கன், திருடன் என்ற பேச்சும் கலந்து ஒலிக்கும்போது நாம் வாய்மூடி இருக்க முடியாது.

முலுண்டிலே ஏற்கனவே காலூன்றிய தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களில் சிலரே ‘அவர்கள் வேறு, நாங்கள் வேறு’ என்று ஒதுங்க நினைக்கக்கூடும். நெல்லையிலிருந்து வந்தவர், தஞ்சையிலிருந்து வந்தவர், சேலத்திலிருந்து வந்தவர், இந்தச் சாதி, அந்தச் சாதி என்று ஊரில் விட்டுவந்த சுவர்களை இங்கேயும் செங்கல் செங்கலாகக் கட்டியவர்கள் நாம். ஊர் விட்டு ஊர் மாற்றப்படும் ஒரு குடும்பத்தின் கதை என்ன? காகிதம் இல்லாததால் வீடு இல்லை என்று கேட்ட தாயின் முகம் எப்படி இருக்கும்? புதிய இடத்தில் பள்ளியில் சேர்ந்த பையனை யார் பக்கத்தில் உட்காரவிடுகிறார்கள்? இவற்றை மனுவில் எழுதினால் அதிகாரி படிப்பார், மேசையில் வைப்பார். மேடையில் காட்டினால் எதிர்க்கும் அண்டை வீட்டுக்காரரும் பார்ப்பார். தாராவிப் பிள்ளையும் முலுண்ட் பிள்ளையும் ஒரே நாடகத்தில் அண்ணன் தம்பியாக நடித்துவிட்டால், அதன்பிறகு ‘அவர்கள்’ என்று சொல்ல நாக்கு கூசும்.

நாடகத்துக்கு இந்த வலிமை உண்டு என்பதற்கு ஈழத்திலே சான்று இருக்கிறது. குழந்தை ம.சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை 1985-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராக எடுத்துச் சென்றார்கள். போர்க்காலத்தில் மக்கள் தங்கள் துயரத்தைத் தாங்களே முன்னால் நின்று பார்த்தார்கள். அதேபோல் 1978-ல் க.பாலேந்திரா முதலியோர் இலங்கையில் தொடங்கிய அவைக்காற்றுக் கலைக்கழகம், அவர் புலம்பெயர்ந்த பின் லண்டனிலும் நாடகம் போட்டுவருகிறது. அங்கே பிறந்த பிள்ளைகளைத் தமிழில் நடிக்கப் பழக்கியது. ஆங்கிலம் மட்டும் பேசி வளரும் பிள்ளைக்கு அது முடியுமென்றால், வீட்டில் தமிழ் கேட்டு வளரும் நம் பிள்ளைக்கு ஏன் முடியாது?

மூன்று ஆட்சேபங்கள்

பெற்றோர் மூன்று ஆட்சேபம் சொல்வார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது: ‘பிள்ளைக்குத் தமிழ் எழுத்தே தெரியாதே.’ உண்மைதான். இம்மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் அவற்றில் ஒன்று. ஆனால் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வேலைக்கு ஆங்கிலமும் மராத்தியும் வேண்டும் என்று பெற்றோர் நினைப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. அப்படியானால் தமிழ் எங்கேதான் வாழும்? காதிலும் வாயிலும் வாழட்டும். வசனத்தைக் காதால் கேட்டுப் படிக்கட்டும். தேவநாகரியில் எழுதிக் கொடுத்தாலும் குற்றமில்லை. இருநூறு வரி வசனத்தை உணர்ச்சியோடு பேசிவிட்ட பிள்ளை அடுத்து எழுத்தையும் தானே கேட்பாள். நாடகத்திலே அவர்கள் பேசுகிற மும்பைத் தமிழே இருக்கட்டும். பாதி இந்தி, கால் மராத்தி கலந்த பேச்சு என்று முகம் சுளிக்க வேண்டாம். செந்தமிழில் பேசு என்று வாயை அடைத்துவிட்டால் அவர்கள் இந்தியிலேயே பேசிவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது: ‘படிப்பு கெட்டுவிடும்.’ பரீட்சை மாதங்களை விட்டுவிடுவோம். ஆகஸ்டில் தொடங்கினால் வாரத்துக்கு மூன்று மாலை போதும். தீபாவளி விடுமுறையில் அரங்கேற்றலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு சிறு வேடமே கொடுக்கலாம். நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து பேசப் பழகிய பிள்ளை வேலைக்கான நேர்முகத் தேர்விலும் நடுங்க மாட்டாள்.

மூன்றாவது ஆட்சேபத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: ‘பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?’ இதற்குத்தான் அறை என்று கேட்கிறோம். மைதான மூலையிலும் தெரு முனையிலும் ஒத்திகை என்றால் பெண் பிள்ளை வர மாட்டாள். விளக்கு எரியும் அறை, பக்கத்தில் ஓர் அக்காவோ அத்தையோ, எட்டு மணிக்குள் வீடு சேரும் ஏற்பாடு இருந்தால் தாய்மார்களே அழைத்து வருவார்கள். பம்பாயிலிருந்து சென்னை சென்ற பாம்பே ஞானம் 1989-ல் மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழுவைத் தொடங்கி, ஆண் வேடங்களையும் பெண்களையே நடிக்க வைத்து நாடகம் போட்டுக் காட்டினார். பம்பாய்ப் பெயரைத் தாங்கிய ஒரு பெண் சென்னையில் செய்ததை மும்பையில் நம் பெண்கள் செய்ய முடியாதா?

நம் இளைஞர்களிடம் சொல்ல விஷயம் இல்லை என்று எவரேனும் நினைத்தால், தாராவியின் டோப்டெலிக்ஸ் குழுவைப் பார்க்கட்டும். தமிழும் இந்தியும் கலந்து சொல்லிசை பாடிய அந்த இளைஞர்களின் குரல் 2018-ல் வந்த ‘காலா’ படத்தில் ஒலித்தது. எந்தச் சங்கமும் பொன்னாடை போர்த்தி அவர்களை வளர்க்கவில்லை. அவர்கள் தாமாக வழி கண்டார்கள். வழி காணாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ!

செய்ய வேண்டியவை

மாநகராட்சியிடம் இரண்டு கோரிக்கை வைப்போம். முலுண்ட் டி வார்டில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் வகுப்பறையை, பள்ளி முடிந்தபின் வாரத்தில் மூன்று மாலை, இளைஞர் நாடகக் குழுக்களுக்குத் திறந்துவிட வேண்டும். தமிழருக்கு மட்டும் என்று கேட்க வேண்டாம். மராத்தி, கன்னட, தெலுங்கு, உருதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேட்போம். அப்போதுதான் அது உரிமைக் குரலாக ஒலிக்கும். இரண்டாவதாக, காளிதாஸ் அரங்கில் ஆண்டுக்குச் சில வார நாள்களை இளைஞர் குழுக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்க வேண்டும். தாராவியிலிருந்து வருவோருக்கு எங்கே வீடு கட்டினாலும் அங்கே கலைக்கூடம் ஒன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வைப்போம். சுவர் எழும்பிய பிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் பொன்னாடைச் செலவை நிறுத்தி, அந்தப் பணத்தை ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளின் ரயில் சீட்டுக்கும் டீக்கும் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலில் நாடகத்தை முதலில் போடுங்கள். உரைகள் பிறகு இருக்கட்டும். கேட்க ஆள் இருந்தால் பேசலாம். சங்கக் கட்டடத்தில் பூட்டிக் கிடக்கும் அறையின் சாவியை இளைஞர்களிடம் கொடுங்கள். அவர்கள் போடும் நாடகம் சங்கத் தலைவர்களைக் கேலி செய்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். கேலியைத் தாங்க முடியாத தலைமைக்கு நாடகக் குழு தேவையில்லை. கைதட்டும் குழுவே போதும்.

பெரியவர்களே, ஊரில் வள்ளி திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் விடிய விடியப் பார்த்தவர்கள் நீங்கள். பாட்டும் வசனமும் உங்கள் நெஞ்சில் இன்னும் இருக்கின்றன. ஒரு மாலை வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்களோடு அவை மறைந்து போகவேண்டாம்.

தம்பி, தங்கைகளே, அனுமதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். அண்ணாபாவ் சாட்டே அரங்கம் கிடைக்கும் வரை காத்திருக்கவில்லை. நாலு பேர் கூடுங்கள். உங்கள் சாலில் நடந்த ஒன்றை, தண்ணீர்க் குழாய்ச் சண்டையோ வீட்டுக் காகிதம் தேடிய கதையோ, பத்து நிமிடக் காட்சியாக்குங்கள். விநாயகர் சதுர்த்திப் பந்தலிலோ பொங்கல் விழாவிலோ போட்டுக் காட்டுங்கள். பார்த்தவர்கள் அடுத்தது எப்போது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போவோம். நாமும் உங்களோடு வருகிறோம். இன்று ஓர் அறை கேட்போம். அதைப் பெற்ற பிறகு காளிதாஸ் மேடையைக் கேட்க யார் தயவும் தேவைப்படாது.